கிங் நாளில் சேவை: வாசகர் கேள்விகள்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் மாணவர் மன்றம் நடத்துகிறோம். மார்ட்டின் லூதர் கிங் நாளன்று ஏதாவது சேவையும், வளாகத்தில் ஒரு கூட்டமும் நடத்த விருப்பம். 40 பேர் வருவார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நாட்காட்டியிலிருந்து. கிங் பிறந்தது 1929 ஜனவரி 15. விடுமுறையோ ஜனவரியின் மூன்றாவது திங்கட்கிழமை. பல வளாகங்களில் வகுப்புகள் அதையொட்டித்தான் தொடங்கும். பாதி மாணவர்கள் அப்போதுதான் ஊரிலிருந்து திரும்பியிருப்பார்கள். டிசம்பர் விடுமுறைக்கு முன்பே பெயர்ப் பதிவை முடித்துவிடுங்கள். 1994-இல் வந்த சட்டம் இதைத் தேசிய சேவை நாளாகவும் ஆக்கியதால், அன்று ஏழைகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் உணவு வங்கிகளுக்கும் வீடற்றோர் தங்குமிடங்களுக்கும் தன்னார்வலர்கள் குவிவார்கள். அக்டோபரிலேயே பேசி இடம் பிடிப்பது நல்லது. திங்களன்று இடமில்லை என்றால் அந்த வாரத்தின் சனிக்கிழமையைக் கேளுங்கள். அந்த நிறுவனத்துக்கு அதுவே கூடுதல் உதவியாக இருக்கும்.

பலர் தவறுவது அடுத்த கட்டத்தில். பொருளை வாங்கிக் குவித்துவிட்டு, யாருக்குக் கொடுப்பது என்று பிறகு தேடுவார்கள். வீடற்றோர் தங்குமிடத்துக்குச் சோப்பு, பற்பசை, பல்துலக்கி, காலுறை அடங்கிய பை தயாரிப்பதானால், எத்தனை பை வேண்டும், எது வேண்டாம் என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆல்கஹால் கலந்த வாய்கொப்பளிப்பு நீரைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். வீட்டில் சமைத்ததையும் பிரித்த பொட்டலத்தையும் உணவு வங்கிகள் பொதுவாக ஏற்பதில்லை; யார், எப்போது, எப்படிச் செய்தது என்று அவர்களால் சரிபார்க்க முடியாது.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. மேசையில் பொருட்களை வரிசையாக வைத்தால் 10 பேரே ஒரு மணி நேரத்துக்குள் 200 பை கட்டிவிடுவார்கள். 40 பேரையும் அதில் நிறுத்தினால் சீக்கிரமே வேலை தீர்ந்து கைகட்டி நிற்பார்கள். 10 பேர் பை கட்டட்டும், 4 பேர் எண்ணிப் பெட்டியில் அடுக்கட்டும், மற்றவர்களை உணவு வங்கியில் பொருள் பிரிக்க அனுப்புங்கள்.

கூட்டத்துக்கு வருவோம். ‘எனக்கொரு கனவு உண்டு’ என்ற கிங்கின் புகழ்பெற்ற உரையை ஒலிபரப்பிக் கைதட்டிக் கலைவது போதாது. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்கு ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் குப்பை லாரியின் அழுத்துபொறியில் நசுங்கி இறந்தார்கள். சுமார் 1,300 தொழிலாளர்கள், கறுப்பினத்தவர்கள், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ‘நான் ஒரு மனிதன்’ என்பதே அவர்கள் ஏந்திய அட்டை வாசகம். அவர்களுக்குத் துணைநிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். இதை 10 நிமிடம் சொல்லிவிட்டு, எட்டெட்டுப் பேராகப் பிரிந்து ஒரே கேள்வியைப் பேசுங்கள்: நம் வளாகத்தைத் துடைப்பவர்களுக்கு மணிக்கு என்ன கூலி, உடல்நலக் காப்பீடு உண்டா? பை கட்டும் வேலையை, கிங் எதற்காக உயிர் கொடுத்தாரோ அதோடு இணைப்பது இந்தப் பேச்சுத்தான். அதனால் சேவை முடிந்த கையோடு நடத்துங்கள். மாலைக்குத் தள்ளினால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை: கிங்கின் உரைகளுக்குக் காப்புரிமை உண்டு. ஒரு பத்தி வாசித்து விவாதிப்பது வேறு. முழு உரையைத் திரையிடவோ நிகழ்ச்சிப் பதிவில் சேர்த்து இணையத்தில் ஏற்றவோ நினைத்தால், பல்கலைக்கழக நூலகத்தின் காப்புரிமைப் பிரிவை முன்பே கேளுங்கள்.

கேள்வி: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறேன். இப்படிச் சேவை செய்தால் சிக்கல் வருமா?

பதில்: லாப நோக்கற்ற அமைப்பில், எல்லோரும் ஊதியமின்றிச் செய்யும் தன்னார்வப் பணி என்றால் பொதுவாகத் தடையில்லை. சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால் அது வேலைவாய்ப்பாகவே கருதப்படலாம். பணமாகவோ பரிசு அட்டையாகவோ எதையும் பெறாதீர்கள். பணி விவரத்தை எழுதி, உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.