கேள்வி – பதில்: ஒரே ஓர் உருப்படிக்கு ஆர்கெஸ்ட்ராவை நடத்தச் சொல்கிறார்கள்

கேள்வி: எங்கள் பகுதி அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவுக்கு நிதி திரட்ட ஏலம் விட்டார்கள். கச்சேரியில் ஓர் உருப்படியை நடத்தும் வாய்ப்பை வீட்டார் எனக்காக எடுத்துவிட்டார்கள். ராடெட்ஸ்கி மார்ச். ஸ்டாஃப் நொட்டேஷன் படிப்பேன். ஆறு வருடம் கர்னாடக வாய்ப்பாட்டும் கற்றிருக்கிறேன், தாளம் பிசகாது. மூன்று வாரம் இருக்கிறது. எங்கே தொடங்குவது? (வாசகர், லண்டன்)

பதில்: தாளம் பிசகாத கை நல்ல சொத்து. ஆனால் அந்தப் பழக்கத்தை அப்படியே பேட்டனுக்கு, அதாவது ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் கைக்கோலுக்கு, கொண்டுபோனால் சிக்கல். தாளம் போடும்போது தொடையில் தட்டு விழும் கணமும் பாட்டின் அடி விழும் கணமும் ஒன்றுதான். கண்டக்டரின் கை அடுத்து வரப்போவதைச் சொல்ல வேண்டும். ஐம்பது அறுபது பேர் மூச்செடுத்து, வில்லைத் தந்தியில் வைத்து, ஒன்றாகத் தொடங்க வேண்டுமானால் அதற்கு முந்தைய அடியிலேயே வேகம், ஓசையின் அளவு, தொடங்கும் விதம் மூன்றும் அவர்களுக்குத் தெரிந்துவிட வேண்டும். அந்த முந்தைய அடிதான் அப்பீட். புதிதாக நடத்துபவர்கள் கீழே விழும் அடியையே பழகிக்கொண்டிருப்பார்கள். உங்கள் முதல் வாரம் முழுக்க அப்பீட்டுக்கே போகட்டும். கையை உயர்த்தும்போது நீங்களும் மூச்சை உள்ளே இழுங்கள். எதிரே கிளாரினெட் வைத்திருப்பவரும் உங்களோடு சேர்ந்து இழுப்பார்.

இரண்டாவது சிக்கலும் தாளப் பழக்கத்திலிருந்து வருவதுதான். ஆர்கெஸ்ட்ராவின் ஒலி உங்கள் அடிக்கு ஒரு நூல் பின்னால்தான் வரும். கேட்டுத் தாளம் போட்டே பழகிய காது, ஒலி வரட்டும் என்று கையைப் பிடித்து வைக்கும். கை பிந்தினால் அவர்கள் இன்னும் பிந்துவார்கள். பதினாறு பாருக்குள் (பார் என்பது நொட்டேஷனில் இரு நெடுங்கோடுகளுக்கு இடையிலுள்ள பகுதி) மார்ச் ஊர்வலமாகிவிடும். ரெக்கார்டிங்கைப் போட்டுக் கை வீசிப் பழக வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அங்கே நீங்கள் பின்னால் போகிறவர். அதற்குப் பதிலாக, சீராக டிக் ஒலிக்கும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100-க்கும் 110-க்கும் இடையில் ஒரு வேகத்தில் வைத்து, பாருக்கு இரண்டு அடியாக, கீழே மேலே என்று காட்டிக்கொண்டே வாய்விட்டுப் பாடுங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டுப் பதினாறு பார் நடத்தி, மறுபடி திறந்து பாருங்கள். எத்தனை தள்ளிப் போயிருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். படபடப்பில் ஓடுகிறவர்களும் உண்டு, இழுக்கிறவர்களும் உண்டு. நீங்கள் எந்த ரகம் என்பது ஒத்திகைக்கு முன்பே தெரிவது நல்லது.

செல்போனை மூன்று மீட்டர் தள்ளி நெஞ்சு உயரத்தில் வைத்து வீடியோ எடுங்கள். ஒலியை அணைத்து யாரிடமாவது காட்டி, முதல் அடி எது என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லையென்றால் கடைசி வரிசை டிராம்போனுக்கும் தெரியாது. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: கை கீழே வந்து தொடும் புள்ளி ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் இருக்கும்.

ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றாக உள்ள தாளை, ஆர்கெஸ்ட்ராவின் நூலகரிடமே வாங்குங்கள். வேறு பதிப்பாக இருந்தால் பார் எண்ணும் ஒத்திகை எழுத்தும் (இடம் சொல்ல அச்சிட்ட ஏ, பி, சி) மற்றவர்களின் தாளோடு ஒத்துப்போகாது. இந்த மார்ச்சில் முன்னுரை, திரும்ப வாசிக்கும் பகுதிகள், நடுவில் ட்ரியோ என்ற மாறுபட்ட பகுதி, பிறகு டா காப்போ என்று ஆரம்பத்துக்கே திரும்புதல் எல்லாம் உண்டு. திரும்பிய பிறகு ரிப்பீட்டுகளை வாசிப்பதா விடுவதா என்பது ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழக்கம். முதல் வயலின் லீடரிடம் கேட்டு, ஸ்கோரில் சிவப்புப் பென்சிலால் எழுதிவிடுங்கள். மேடையில் நடக்கும் விபத்துகளில் பெரியது இங்கேதான் நடக்கும்: கண்டக்டர் ரிப்பீட்டுக்குப் போயிருப்பார், ஆர்கெஸ்ட்ரா அடுத்த பகுதிக்குப் போயிருக்கும்.

இனி கைதட்டல். மூத்த யோஹான் ஸ்ட்ராஸ் 1848-ல் எழுதிய இந்த மார்ச்தான் வியன்னா புத்தாண்டுக் கச்சேரியை முடித்துவைக்கும். அங்கே கண்டக்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, மெல்லிய இடங்களில் தட்டலை அடக்கி, உரத்த இடங்களில் திறந்துவிடுவார். உங்கள் கூட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கும். தாராளமாகத் திரும்புங்கள், லீடர் பார்த்துக்கொள்வார். ஆனால் கூட்டத்தின் தட்டல் ஓடும், மண்டபத்தின் பின்கோடியிலிருந்து வருவது பிந்தியும் கேட்கும். இரண்டையும் காதில் வாங்காதீர்கள். உரத்த பகுதி தொடங்க இரண்டு பார் இருக்கும்போதே ஆர்கெஸ்ட்ரா பக்கம் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: பேட்டன் கட்டாயமா? எப்படிப் பிடிப்பது? (வாசகி, கோவை)

பதில்: கட்டாயமில்லை. ஆனால் புதிதாக நடத்துபவருக்கு உதவும், அடி விழும் புள்ளி தூரத்திலிருந்தும் தெரியும். 35 சென்டிமீட்டர் அளவில், கார்க் பிடி வைத்ததாகப் பாருங்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கும் இடையில் தண்டு, பிடியின் குமிழ் உள்ளங்கையில். உள்ளங்கை தரையைப் பார்க்கட்டும். இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொண்டு தோளிலிருந்து அடிக்க ஆரம்பிப்பீர்கள், வேகம் உடனே தளரும். ஸ்கோர் ஸ்டாண்டைத் தாழ்த்திக் கிடையாக வையுங்கள், கையை மறைக்கக் கூடாது. இடக்கை வலக்கையின் கண்ணாடியாக ஆட வேண்டாம். பக்கம் திருப்ப, ஓசையை ஏற்ற இறக்க, நுழையும் இடம் காட்ட, நிறுத்த: அதற்கு இந்த நான்கு வேலை போதும்.

கேள்வி: எங்கள் கல்லூரி இசைக்குழுவில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபொனியைத் தொடங்க ‘ஒன், டூ’ என்று கை காட்டினேன். பாதிப் பேர் ஒன்றிலேயே நுழைந்தார்கள், மீதிப் பேர் இரண்டில். (மாணவி, சென்னை)

பதில்: நம் சொல்லில் சொன்னால் அது அனாகத எடுப்பு. சமத்தில் மௌனம், கால் இடம் தள்ளித்தான் இசை. 2/4 பாரில் முதல் குவேவர் (பாரில் நான்கில் ஒரு பங்கு) ஓய்வு, பிறகு மூன்று ஜி, அடுத்த பாரில் ஃபெர்மாட்டா (ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் குறி) போட்ட இ ஃப்ளாட். பீத்தோவன் கொடுத்த மெட்ரோனோம் குறி மினிமுக்கு (இங்கே ஒரு முழு பார்) 108, அதாவது பாருக்கு ஒரே அடி, ஒரு பார் அரை நொடிக்குச் சற்று மேல். உங்கள் கை கீழே விழும் கணத்தில் யாரும் வாசிப்பதில்லை. அந்த அடியில் கால் ஊன்றித்தான் எல்லோரும் தாவுகிறார்கள்.

ஒரே மாதிரி இரண்டு அடி காட்டினால் எது காலி அடி, எது சமம் என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஓர் அப்பீட், சரியான வேகத்தில், மூச்சோடு. அடுத்தது கீழே. இப்படித்தான் தருவேன் என்று ஒத்திகையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு வேண்டுமென்றால் முதலாவதைப் பேட்டன் நுனியால் மட்டும், மூச்சில்லாமல் காட்டுங்கள்.

அடுத்த பிழை, மூன்று ஜியும் திஸ்ரமாக, ஓர் அடிக்குச் சமமான மூன்றாக, உருண்டுவிடுவது. கீழ் அடியைப் பலமாகக் குத்தினால் அப்படி ஆகும், முதல் ஜி அடியின் மேலேயே வந்து விழும். இதற்கு நம்மிடமே மருந்து இருக்கிறது. குழுவை ‘தகதிமி’ சொல்லவைத்து, ‘த’வை மட்டும் விழுங்கச் சொல்லுங்கள்: ‘கதிமி தாம்’. நான்கு முறை சொன்னால் வில் தானாகச் சரியாகும்.

ஃபெர்மாட்டாவில் கையை உறையவைக்காமல் மெல்ல நகர்த்திக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் ஒலி தேயும். நிறுத்தும் சுழற்சியின் மேல்நோக்கிய பாதியையே மூன்றாம் பாருக்கான அப்பீட்டாக்கிக்கொள்ளலாம். இரண்டாவது ஃபெர்மாட்டா ஒரு பார் நீளம் அதிகம். டி நோட் நான்காம் பாரில் தொடங்கி ஐந்தாம் பாரோடு கட்டப்பட்டிருக்கிறது, குறி ஐந்தாவதன் மேல். நான்காம் பாருக்கான அடியைக் காட்டிவிட்டுத்தான் ஐந்தில் நிற்க வேண்டும். தொடக்கத்தில் தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டும் மட்டுமே வாசிக்கின்றன. கண் அங்கேயே இருக்கட்டும், டிரம்பெட், டிராம்போன் இருக்கும் பிராஸ் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: ஒத்திகைக்குப் பதினைந்து நிமிடம்தான். எப்படிச் செலவழிப்பது? (வாசகர், டொரோண்டோ)

பதில்: முதலில் நிறுத்தாமல் ஒருமுறை முழுதும். பிறகு தொடக்கம், வேகம் மாறும் இடம், முடிவு. மீதியை அவர்களே சரிசெய்வார்கள். நிறுத்தினால் முதலில் எங்கே, பிறகு யார், அதன்பின் என்ன என்ற வரிசையில் பேசுங்கள்: “எழுத்து பி-க்கு முன்னால் நான்கு பார், இரண்டாம் வயலின், இன்னும் குட்டையாக.” சொன்ன பிறகு அவர்கள் எண்ணிக் கண்டுபிடிக்க மூன்று நொடி விடுங்கள். உணர்ச்சி விளக்கம் எல்லாம் வேண்டாம். நீளமாக, குட்டையாக, மெல்ல, முன்னதாக என்றால் போதும். வில் மேலா கீழா என்பதை லீடரிடம் விட்டுவிடுங்கள். எஃப் ஹார்னில் எழுதியிருக்கும் சி, எஃப் ஆகத்தான் ஒலிக்கும். அதனால் ஸ்வரம் குறிப்பிடும்போது ‘உங்கள் தாளில் இருக்கும் சி’ என்று சொல்லுங்கள்.

கேள்வி: முறையாகப் பயிலாத ஒருவர் இசையமைப்பாளர் மாலரின் சிம்ஃபொனியையே நடத்தினார் என்கிறார்களே, உண்மையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: உண்மை. கில்பர்ட் கேப்ளன், நியூயார்க்கில் நிதித்துறைப் பத்திரிகை நடத்தியவர். 1965-ல் மாலரின் இரண்டாம் சிம்ஃபொனியைக் கேட்டு அதிலேயே மூழ்கினார். நாற்பது வயதுக்குப் பிறகு ஆசிரியர் வைத்து அந்த ஒரே ஸ்கோரைப் படித்து, 1982-ல் ஆர்கெஸ்ட்ராவை அமர்த்திக்கொண்டு நடத்தினார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேர உருப்படி. இரண்டு பாடகிகள், கோரஸ், ஆர்கன், மேடைக்கு வெளியே ஒரு பிராஸ் குழு. பின்னாளில் லண்டன் சிம்ஃபொனி, வியன்னா ஃபில்ஹார்மானிக் இரண்டோடும் பதிவு செய்தார். 2008-ல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கை நடத்தியபோது வாசித்தவர்களில் சிலர் வெளிப்படையாகவே குறை சொன்னார்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரு ஸ்கோரை வருடக்கணக்கில் படித்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று இல்லை. கையின் தெளிவு தனிப் பயிற்சி என்பதற்கும் அவரே சான்று.

கேள்வி: நடுவில் இடம் தொலைந்துவிட்டால்? முடிக்கும்போது எப்படி நிறுத்துவது? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: தொலைந்தால் கையை நிறுத்தாதீர்கள், பெரிதாகவும் ஆக்காதீர்கள். அடியைச் சின்னதாக்கி, கண்ணை ஸ்கோரிலிருந்து எடுத்து லீடரின் வில்லைப் பாருங்கள். டிரம்பெட் நுழைவு போன்ற ஓர் அடையாளம் வந்ததும் அங்கே சேர்ந்துகொண்டு, தெளிவாக ஒரு கீழ் அடி கொடுங்கள். பின்வரிசை பிந்துவதாகக் கேட்டால் அவசரப்பட வேண்டாம். பத்து மீட்டர் தூரத்து ஒலி உங்களிடம் வர நொடியில் நூறில் மூன்று பங்கு ஆகும். அனுபவமுள்ளவர்கள் அதற்காகவே காதைவிடக் கையை நம்பி வாசிப்பார்கள்.

கடைசிக் கார்டுக்கும் (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் இடம்) அப்பீட் உண்டு, நிறுத்துவதற்கும் அப்பீட் உண்டு. நிறுத்திய பிறகு இரண்டு கைகளும் மேலேயே இருக்கட்டும். கை இறங்கும்போதுதான் கூட்டம் தட்டும். இறக்கியதும் லீடருக்குக் கை கொடுத்து, ஆர்கெஸ்ட்ராவை எழச் சொல்லிவிட்டு, அதன்பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்புங்கள். மேடைப் பலகையின் விளிம்பு குதிகாலுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று ஒத்திகையிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.