கைவிடப்பட்ட பாடக் கருவியை நாமே மீண்டும் எழுதலாமா?

நிறுத்தப்பட்ட இணையப் பாடத்தின் பயிற்சிக் கருவியை நாமே எழுதி வெளியிட்டால் சட்டச் சிக்கல் வருமா, அது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வேலையை நானும் செய்திருக்கிறேன். நிரல் எழுதி அனுப்பினால் உடனே திருத்தி மதிப்பெண் தரும் கருவி அது. பாடத்தை மூடியபோது அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு கருவி என்ன வேலை செய்கிறது என்பதைப் பதிப்புரிமை காப்பதில்லை. அந்த வேலைக்காக எழுதப்பட்ட நிரலையும் உரையையும் படங்களையும்தான் காக்கிறது. எஸ்.ஏ.எஸ். என்ற மென்பொருள் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதும் இதுதான். எதிர்த்தரப்பு மூல நிரலைப் பார்க்கவில்லை. மென்பொருளை இயக்கிக் கவனித்து, அதேபோல் இயங்கும் ஒன்றை எழுதியிருந்தது. நீங்களும் அந்த வழியிலேயே போங்கள். உலாவியில் தெரிகிறதே என்று பழைய ஸ்கிரிப்டை எடுத்து ஒட்டினால் அது நகலெடுப்பு. பழைய பெயரையும் சின்னத்தையும் தொடவே வேண்டாம்.

'கைவிட்டுவிட்டார்களே' என்பது சட்டத்தின் முன் நிற்காது. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள், ஐரோப்பாவில் 70 ஆண்டுகள் உரிமை தொடர்கிறது. எழுதத் தொடங்கும் முன், நிரல் ஏற்கெனவே திறந்த உரிமத்தில், அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியோடு, கிடைக்கிறதா என்று தேடுங்கள். இணையப் பாடங்களை நடத்த உதவும் ஓப்பன் எடெக்ஸ் தளத்தின் நிரல் அப்படித்தான் ஏ.ஜி.பி.எல். என்ற திறந்த உரிமத்தில் இருக்கிறது, அதை மாற்றி இணையத்தில் இயக்கினால், பயன்படுத்துவோருக்கு உங்கள் மாற்றங்களையும் தர வேண்டும். பாடத்தை மூடும் நிறுவனங்கள் கருவியின் நிரலையாவது இப்படித் திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

என்னை உண்மையில் தடுத்து நிறுத்தியது வேறொன்று. கேள்விகளைப் பயன்படுத்த அனுமதி கேட்டுப் பேராசிரியருக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: விளக்கங்களை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மாணவரின் நிரலைத் திருத்தக் கருவி பயன்படுத்தும் மறைவான சோதனைத் தரவை வெளியிடக் கூடாது; அதே கணக்குகளை இன்றும் தம் வகுப்பில் கொடுக்கிறாராம். நான் அதை யோசிக்கவே இல்லை. கருவி மூடப்பட்டாலும் பாடம் எங்கோ உயிரோடு இருந்திருக்கிறது. உடன் படித்தவர்களின் விடைகளை மாதிரிக்காகச் சேமித்து வைத்திருந்தேன். அவர்களிடமும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவற்றை அன்றே அழித்தேன்.

சோதனைத் தரவு முழுவதையும் பிறகு நானே புதிதாக எழுதினேன். வேறொருவர் எழுதிய மூன்று பயிற்சிகளுக்கு மட்டும் இன்னும் அனுமதி வரவில்லை. அவற்றின் இடம் இப்போதும் காலியாகவே இருக்கிறது.