நுளம்பு அரங்கில் ஏறும்போது

கடிதம்:

வணக்கம். மூதூர்ப் பக்கத்துப் பாடசாலையொன்றில் கற்பிக்கிறேன். மலேரியாத் தடுப்பைப் பற்றி ஆறாம், ஏழாம் தரப் பிள்ளைகளைக் கொண்டு சிறிய நாடகமொன்று பழக்கி வருகிறோம். நுளம்பரக்கன் ஊரை வருத்துகிறான். பிள்ளைகள் சிரட்டைகளையும் ரயர்களையும் அகற்றி அவனை அழிக்கிறார்கள். "நாட்டில் இல்லாத நோய்க்கு நாடகம் எதற்கு?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். என்ன சொல்வது?
– ஓர் ஆசிரியை, திருகோணமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் சக ஆசிரியரின் கேள்வி நியாயமானது. உள்நாட்டு மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார்; 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் 1963இலும் நாடு முழுவதிலும் 17 பேருக்குத்தான் மலேரியா இருந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் மீண்டும் காய்ச்சலில் விழுந்தார்கள். 2018இல், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரின் தொற்று மொனராகலையில் இன்னொருவருக்குப் பரவியது. நோய் போய்விட்டாலும் அதைக் காவும் நுளம்பு நம்மோடுதான் இருக்கிறது.

ஆகையால் நாடகத்தைக் கைவிடாதீர்கள். கதையை மட்டும் மாற்றுங்கள். சிரட்டையிலும் ரயரிலும் பெருகிப் பகலில் கடிப்பது டெங்கு நுளம்பு. 2017இல் டெங்குக் காய்ச்சலால் கிண்ணியா பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது இயல்பு. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரை கடிப்பது. நம் நாட்டில் அதன் முக்கிய இனம், ஆற்றில் நீரோட்டம் குறையும் காலத்தில் மணலில் தேங்கும் தெளிந்த குட்டைகளில் முட்டையிடுகிறது. மகாவலி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் வளரும் பிள்ளைகளுக்கு அந்த மணலை விளக்க வேண்டியதில்லை. 2016 இறுதியில் மன்னாரில் முதன்முறையாகக் கண்டறியப்பட்ட இன்னோர் இனமோ கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகக்கூடியது.

என்னை அதிகம் உறுத்துவது அரக்கன்தான். கடிப்பது பெண் நுளம்பு என்பது ஒருபுறமிருக்க, அது பிறக்கும்போது மலேரியாக் கிருமியைக் கொண்டு வருவதில்லை. நோயுற்ற மனிதரிடமிருந்தே பெறுகிறது. கிருமி அதன் உடலில் முதிர ஏறக்குறைய பத்து நாளாவது வேண்டும். மனிதரிலிருந்து நுளம்புக்கும் நுளம்பிலிருந்து மனிதருக்கும் செல்லும் இந்தச் சங்கிலியைப் பாடப்புத்தகத்தின் வட்டப்படத்தைவிட அரங்கு நன்றாகக் காட்டும். காய்ச்சல்காரரின் கையில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டுங்கள். நுளம்பு அதை எடுத்துத் தன் சேலைக்குள் ஒளிக்கட்டும். மத்தள அடிக்கேற்ப, பார்த்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் பத்துவரை எண்ணட்டும். அதன் பிறகே நாடா அடுத்த பிள்ளையின் கைக்குப் போகட்டும்.

பிறகு அதே கதையை இன்னொரு முறை நடியுங்கள். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்த மாமாவுக்குக் காய்ச்சல் காய்கிறது. அவர் வலைக்குள் படுக்கிறார். வைத்தியசாலைக்குப் போய், தான் எங்கே போய்வந்தார் என்பதைக் கேட்குமுன்பே சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்விக்கிறார். நாடா அவர் கையைவிட்டு எங்கும் போவதில்லை. காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்தப் பார்க்கும் இடத்தில் நாடகத்தை நிறுத்தி, "நிறுத்தலாமா?" என்று சபையைக் கேளுங்கள். வைவாக்ஸ் வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் திரும்பக்கூடியது. அதற்காகத் தரும் 14 நாள் மருந்தை முடித்தே ஆகவேண்டும். அந்த இடத்தில் பிள்ளைகள் கத்திச் சொல்லும் பதில் வீடுவரை போகும் என்று நம்புகிறேன்.

நமது கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் சபைக்கு வரும்போது தான் யார் என்று பாடி ஆடும் வரவு இருக்கிறதல்லவா? அனோபிலிசுக்கும் டெங்கு நுளம்புக்கும் வெவ்வேறு தாளத்தில் வரவு அமைத்து, பிறந்த இடத்தையும் கடிக்கும் நேரத்தையும் அவற்றின் வாயாலேயே பாட வையுங்கள். வரிகளைப் பிள்ளைகளே எழுதட்டும். தகவல் சரிதானா என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.