பிவட்டின் கடைசி ஸ்பானில் மட்டும் நீர் வழிந்தோடினால்

பிவட் என்பது வயலின் நடுவிலிருந்து சுற்றிவரும் நீண்ட தெளிப்புப் பாசனக் குழாய்; அதில் இரண்டு சக்கரக் கோபுரங்களுக்கு இடைப்பட்ட துண்டு ஒரு ஸ்பான். கடைசி ஸ்பானில் நீர் மண்ணில் இறங்காமல் வழிந்தால், முதலில் நாசிலை மாற்றாதீர்கள், பிவட் சுற்றும் வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு சுற்றுக்கு 30 மி.மீ. நீர் விடுகிறீர்கள் என்றால், அதை 20 ஆக்கினாலே களிமண்ணில் வழிவது பெரும்பாலும் அடங்கும். (நாசில் விற்பவர் வேறு சொல்வார்.)

வெளிமுனை வேகமாக நகர்வதால் அதே அளவைக் குறைந்த நேரத்தில் கொட்டியாக வேண்டும். தாழத் தொங்கும் ஸ்பிரே ஹெட் நனைக்கும் வட்டமும் சிறியது. அதில் நீரைச் சிதறடிக்கும் சுழலும் தட்டு போட்டால் அந்த வட்டம் விரியும்.

அங்கேயே மக்காச்சோளம் திட்டுத்திட்டாக வாடினால், அதற்கு நீரின் அழுத்தக் குறைவு காரணமாக இருக்கலாம். பிவட்டின் வெளிமுனை மேட்டில் நிற்கும்போது கடைசி ரெகுலேட்டருக்கு (நாசிலுக்குப் போகும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் கருவி) முன்னால் கேஜ் (அழுத்தமானி) மாட்டுங்கள்: 15 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) ரெகுலேட்டருக்கு உள்ளே குறைந்தது 20 பிஎஸ்ஐ வர வேண்டும். அவ்வளவு வந்தால், ஒரே அளவு டப்பாக்களை ஸ்பான் நெடுக 3 மீட்டருக்கு ஒன்றாக வைத்து, எங்கே நீர் குறைவாக விழுகிறது என்று அளந்து பாருங்கள்.

வேகத்தை ஒரேயடியாகவும் கூட்டிவிடாதீர்கள். அளவு மிகக் குறைந்தால் இலையிலும் மேல்மண்ணிலும் ஆவியாகிப் போவதே அதிகம்.