கல்லூரி வேலையில் இல்லாதவர் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். கேள்வியைப் பார்த்தால், ஊர்ப் பண்பாடு பற்றி ஏதோ எழுதி வைத்துவிட்டு, பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லையே என்று தயங்குகிறீர்கள் போல. நானும் அப்படித் தயங்கியவன்தான்.

எனக்குப் பாளையங்கோட்டை. மளிகை மண்டியில் கணக்குப்பிள்ளை. எங்கள் ஊரிலிருந்துதான் 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழ் வந்தது. அதை நடத்திய நா. வானமாமலை பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை, டுட்டோரியல் நடத்தியவர். நாட்டுப்புறக் கதைப்பாடல்களான முத்துப்பட்டன் கதையையும் கட்டபொம்மு கதைப்பாடலையும் பதிப்பித்தவர் அவரே. 1980இல் காலமானார். எனக்கு அந்தக் காலம் வாய்க்கவில்லை.

1994இல் வேறோர் இதழுக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். பாபநாசம் மலையில் இருக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு, அதாவது அந்த முத்துப்பட்டனுக்கு, செருப்பைக் காணிக்கையாகப் போடுவார்கள், தெரியும்தானே? அதையும், எங்கள் தெருக் கோயில் கொடைவிழாவில் அண்ணாவி (வில்லுப்பாட்டுக் குழுத் தலைவர்) ஒருவர் வில்லடித்துப் பாடிய பட்டன் கதையையும் சேர்த்துப் பதினெட்டுப் பக்கம். அச்சில் வராத சில அடிகள் அவர் பாட்டில் இருந்தன. அந்தப் பெருமையில்தான் எழுதினேன்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: "பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருடக் கொடை?" பட்டம் இல்லாதவன் என்றுதானே இப்படி என்று இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள் பேரேட்டைத் திறந்தபோதுதான் உறைத்தது. பெயர் போடாமல் அரை மூட்டை வத்தலைக்கூடப் பற்று எழுதமாட்டேன். ஒருவர் தொண்டை வறளப் பாடியதைப் பெயரில்லாமல் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறேன்.

தேடிப் போனேன். அண்ணாவி செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. குடம் அடித்தவருக்குப் பாதிதான் நினைவிருந்தது. கட்டுரை இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

'ஒரு கட்டுரைகூட அச்சேறாதவன் அறிவுரை சொல்கிறான்' என்று கமெண்டில் வருவீர்கள். வாருங்கள். பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் பாடியவர் பெயரைப் போட்டுவிட்டார்களா என்ன?

அப்புறம், பணம் கட்டினால் அடுத்த வாரமே அச்சு என்கிற இதழ்கள் பக்கம் போகாதீர்கள். உங்களுக்குச் சொன்னவர் உயிரோடு இருந்தால் பெயர், வயது, தேதியை இன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள்.