முதுகில் இருக்கும் முள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பினாங்கு மீன் சந்தையைப் பற்றி நீங்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். நான்காம் ஆண்டு, தமிழ்ப்பள்ளி. 'தொண்டையில் முள் சிக்கியது' என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். "முள் ரோஜாச் செடியில்தானே இருக்கும்? மீனில் இருப்பது துலாங்" என்கிறாள். மலாயில் எலும்பு எதுவானாலும் துலாங்தான், தமிழில் மட்டும் மீனுக்கு ஏன் முள்? எனக்குப் பதில் தெரியவில்லை. கூடவே என் சந்தேகம் ஒன்று: திருக்குறள் அன்புடைமை அதிகாரத்தில் அடிக்கடி 'என்பு', அதாவது எலும்பு, வருகிறதே, வெறும் எதுகைக்காகத்தானா?

க., செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள க.,

அறிவியல் பாடத்தில் மகள்தான் ஜெயித்தாள். மீன் முள்ளும் எலும்புதான். ஆனால் தமிழன் அதற்குப் பெயர் வைத்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, சோற்றுத் தட்டின் முன்னால்.

பினாங்குப் பக்கம் வந்தால், சௌராஸ்தா சந்தையில் தெருபோக் மீன் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். நம் ஊர் உல்லத்துக்குப் பங்காளி. பொரித்த மீனில் நடுமுள்ளைப் பிடித்து இழுத்தால் மொத்தமாக வந்துவிடும். அதில் ஆபத்தில்லை. சதைக்குள் முடி கனத்தில், நுனி கவட்டை போலப் பிளந்து கிடக்கும் பாருங்கள், அவைதான் வில்லன்கள். முதுகெலும்பிலிருந்து கிளைத்தவை அல்ல, தசைகளுக்கு நடுவிலேயே எலும்பாக இறுகியவை. குத்துவது எதுவோ அது முள். நல்லி எலும்பு குத்தாது, உறிஞ்சக் கொடுக்கும். அதை யாரும் முள் என்று சொல்வதில்லை.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். குனிந்து தன் முதுகின் நடுவே விரலால் தடவிப் பார்க்கட்டும். வரிசையாகப் புடைத்துக்கொண்டு தட்டுப்படும். அந்த ஒவ்வோர் எலும்புக்கும் தமிழில் முள்ளெலும்பு என்று பெயர். முழுத் தண்டும் முள்ளந்தண்டு. ஆக, முள் மீனுக்கு மட்டும் இல்லை, அவளுக்கும் இருக்கிறது.

மலாய் எல்லாவற்றையும் துலாங்கில் அடக்குகிறது என்பது உண்மைதான். நாம் இலை நரம்பு என்பதும் அங்கே துலாங். நாம் 'நரம்பில்லாத நாக்கு' என்று திட்டுவோம், அவர்கள் 'எலும்பில்லாத நாக்கு' என்பார்கள். யார் சொன்னாலும் நாக்கு ஒரே நாக்குதான், வாக்குத் தவறுகிறது. சில இடங்களில் இரண்டு மொழியும் கைகோத்துப் போகின்றன. நாம் குருத்தெலும்பு என்கிறோம், அவர்கள் துலாங் மூடா, இளம் எலும்பு. மாடாய் உழைப்பதற்கு அவர்கள் சொல்வது 'பந்திங் துலாங்', எலும்பை ஓங்கி அடிப்பது. பந்திங் ஊர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தாத்தாவுக்கு இந்தச் சொல் ஒரு சிலேடையாகவே வாய்த்தது. அதை வைத்து அவரே நக்கலடிப்பார்.

சில வருடங்களுக்கு முன் மணிக்கட்டு முறிந்து பினாங்கு மருத்துவமனை ஒன்றில் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்த பெரியவர், இடுப்பெலும்பு முறிவு. பார்க்க வந்த இளைஞன் கதவருகிலேயே "துலாங்!" என்று கூப்பிட்டான். எலும்பு முறிந்தவரை எலும்பே என்று கூப்பிடுகிறானே, என்ன குசும்பு என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் பாத்தாக் இனத்தவர். பாத்தாக் மொழியில் துலாங் என்றால் தாய்மாமன்.

சரி, உங்கள் குறளுக்கு வருகிறேன். பத்துக் குறளில் நான்கில் என்பு வருகிறது: 72, 73, 77, 80. நான்கிலும் அன்புக்கு எதுகையாகத்தான் நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எதுகை மட்டும் போதுமென்றால் வேறு சொற்களும் கைவசம் இருந்தன. 75இல் இன்புற்றார் என்கிறார், 78இல் வன்பாற்கண் என்கிறார். இருந்தும் என்புக்கே திரும்பத் திரும்ப வருகிறார், வந்தாலும் ஒரே வேலையைக் கொடுப்பதில்லை. 72இல் அது அன்புடையவர் பிறருக்குக் கொடுத்துவிடும் பொருள். 73இல் உயிர் வந்து ஒட்டிக்கொள்ளும் உடம்பு. 80இல் அன்பில்லாதவனின் தோலுக்குள் மிச்சம் இருப்பது. எனக்குப் பிடித்தது 77. அதில் எலும்பே கிடையாது, 'என்பிலதனை வெயில்போலக் காயுமே'. எலும்பில்லாத புழுவை வெயில் காய்வதுபோல அன்பில்லாதவரை அறம் காயுமாம். ராத்திரி மழை விட்ட மறுநாள், பத்து மணி வெயிலில் எங்கள் வீட்டு வாசல் சிமெண்டுத் தரையில் மண்புழு பாதி தூரம் ஊர்ந்து நின்றிருக்கும். தொட்டால் தரையோடு ஒட்டியிருக்கும். பார்க்கும்போதெல்லாம் இந்தக் குறள் வரும். வெயிலுக்குப் புழுவின் மேல் கோபம் ஒன்றும் இல்லை என்பதுதான் அதில் பயங்கரம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அஸ்தி என்றால் சாம்பல் என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வடமொழியில் அதற்கு எலும்பு என்றுதான் பொருள். அப்பாவைத் தகனம் செய்த அன்று, காலையில் சாம்பல் வாங்க யார் யார் வருவது என்று வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். மலாய்க்கார ஊழியர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ஏசோக் பாகி டத்தாங், அம்பில் துலாங்" என்றார். நாளைக் காலை வந்து எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது, இப்படியா பட்டென்று சொல்வது என்று.

மறுநாள் தகரத் தட்டை வெளியே இழுத்தார்கள். சதையும் கொழுப்பும் நெருப்போடு போய், சுண்ணாம்புச் சத்து மட்டும் வெள்ளை வெள்ளைத் துண்டுகளாக நின்றிருந்தது. சாம்பல் என்று அள்ள அதில் அதிகம் இல்லை. காலிலிருந்து தலை வரை வரிசையாகப் பொறுக்கிச் சட்டியில் போடச் சொன்னார்கள். பால் தெளித்தபோது சூடு இன்னும் ஆறியிருக்கவில்லை, லேசாகச் சீறியது.

மகளுக்கு என் அன்பு. தெருபோக் வாங்கினால் முள் பார்த்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.