கல்லூரிக்குள் வண்டி நிறுத்துவது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் படிக்கும் அரசு உதவி பெறும் கல்லூரியில் காலை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிடுகிறது. மதியம் 1 மணிக்கு வாசலே அடைபட்டுவிடுகிறது. இவ்வளவு பெரிய வளாகத்தில் இருசக்கர வண்டிக்கு இடமில்லை என்று நிர்வாகம் சொல்வதை நம்புவதா?
*(வாசகர், திருச்சி)*

பதில்: பாதியை நம்பலாம். தமிழ்நாட்டின் பழைய கல்லூரிகள் பலவும் மோட்டார் வண்டியை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல. திருச்சி புனித வளனார் கல்லூரி 1844இலும், மதுரை அமெரிக்கன் கல்லூரி 1881இலும், சென்னை லயோலா 1925இலும் தொடங்கப்பட்டவை. அந்த நாள் மாணவர்கள் விடுதியில் தங்கினார்கள், அல்லது நடந்தும் சைக்கிளிலும் வந்தார்கள். ஆகவே ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சைக்கிள் ஸ்டாண்டே போதுமானதாக இருந்தது. பல கல்லூரிகளில் அதே ஸ்டாண்டில்தான் இன்று ஸ்கூட்டரும் பைக்கும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் புதிய கட்டடங்களில் வாகனங்களுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வரையறுத்திருந்தாலும், அதற்கு நெடுங்காலம் முன்பே எழுந்துவிட்ட கட்டடங்களுக்கு அதனால் பெரிய பயன் விளைந்துவிடவில்லை.

நம்ப வேண்டாத பாதி, நீங்கள் குறிப்பிட்ட மதியம் 1 மணி. இரண்டு ஷிப்டுகளில் இயங்கும் கல்லூரிகளில் காலைப் பிரிவினர் வெளியேறும் அதே வேளையில் பிற்பகல் பிரிவினர் உள்ளே வருகிறார்கள். ஒரே வாசல், ஒரே பாதை, எதிரெதிர்த் திசையில் இரண்டு கூட்டம். ஸ்டாண்டு அந்த அரைமணி நேரத்தில் இரு பிரிவினரின் வண்டிகளையும் ஒருசேரத் தாங்க வேண்டியிருப்பதால், நாள் முழுதும் போதுமானதாக இருக்கும் இடம்கூட அப்போது போதாமல் போய்விடுகிறது. ஸ்டாண்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் காலைப் பிரிவுக்கும் மற்றொன்றைப் பிற்பகல் பிரிவுக்கும் ஒதுக்கி, உள்ளே வர ஒரு வாசலும் வெளியேற இன்னொரு வாசலும் வைத்தால் நெரிசல் பெருமளவு தணியும். பின்வாசலை நிரந்தரமாகப் பூட்டி வைத்திருக்கும் கல்லூரிகள் அந்தப் பூட்டைத் திறந்தாலே போதும். ஆனால் அங்கே நிற்க இன்னொரு வாட்ச்மேனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதால் அது திறக்கப்படுவதில்லை.

இன்னொன்று, வண்டியை நிறுத்தும் முறை. சைடு ஸ்டாண்டில் சாய்த்து, ஹேண்டில்பாரை ஒருபுறம் திருப்பிப் பூட்டிய வண்டி பக்கத்து வண்டிக்குரிய இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. வரிசைகளுக்கு நடுவே வழி விடாமல் அடுக்கினால் காலையில் முதலில் வந்தவர் மாலையில் கடைசியாகத்தான் வெளியே வர முடியும்; அதற்கு அஞ்சியே பலர் உள்ளே இடமிருந்தும் வாசலுக்கு வெளியே சாலையோரத்தில் நிறுத்துகிறார்கள். தரையில் வெள்ளைக் கோடு போடுவதற்குப் பெரிய செலவு ஆகாது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது புதிய ஸ்டாண்டை அல்ல. இந்தக் கோட்டையும் அந்தப் பின்வாசலையும்தான்.

கேள்வி: கல்லூரி ஸ்டாண்டில் நிறுத்திய என் ஸ்கூட்டர் திருட்டுப் போய்விட்டது. ஆண்டுதோறும் வண்டிக்கென்று கட்டணம் வாங்குகிறார்கள். கேட்டால், 'வாகனங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு' என்ற பலகையைக் காட்டுகிறார்கள். வழக்குத் தொடுக்க முடியுமா?
*(கல்லூரி மாணவி, சேலம்)*

பதில்: முதலில் அவசரமானவற்றைச் செய்யுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள். இரண்டு சாவிகளையும் பத்திரமாக வையுங்கள், அவர்கள் கேட்பார்கள். உங்களிடம் இருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் திருட்டுக்கு இழப்பீடு கிடைக்காது. பழைய வண்டிகளுக்கு மலிவாக இருக்கிறதென்று பெரும்பாலோர் அதைத்தான் எடுக்கிறார்கள்.

பலகையைப் பொறுத்தவரை, அது எழுதியவருக்கு எப்போதும் கவசமாகிவிடாது. தில்லி தாஜ்மகால் ஓட்டலில் பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டுத் திருட்டுப் போன ஒரு காரைப் பற்றிய வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், 'உரிமையாளரின் பொறுப்பு' என்று சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டித் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளைத் தம்மிடம் ஒப்படைக்கப் பெற்றவர், தம்முடைய சொந்தப் பொருளைப் போல அதைக் கவனமாகக் காக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

ஆனால் அந்தத் தீர்ப்பை அப்படியே உங்கள் வழக்குக்குப் பொருத்திவிட முடியாது. அங்கே சாவி ஓட்டல்காரரின் கைக்குப் போனது. நீங்களோ வண்டியை நீங்களே நிறுத்திப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனீர்கள். ஆகவே கல்லூரி வண்டியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டதா, வெறும் இடத்தை மட்டும் தந்ததா என்ற கேள்வி எழும். டோக்கன் கொடுத்து, வெளியேறும்போது அதைத் திரும்ப வாங்கிச் சரிபார்த்த பிறகே வண்டியை விடுவது வழக்கமாக இருந்தால், வண்டி அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தது என்று வாதிட உங்களுக்கு வலு உண்டு. கட்டண ரசீது, டோக்கன், கண்காணிப்புக் கேமரா பதிவு ஆகியவையே உங்கள் சான்றுகள். கேமரா பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடக்கூடும் என்பதால், அதைப் பாதுகாக்கும்படி இன்றே கல்லூரி முதல்வருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் முதலாண்டு சேர்ந்திருக்கிறான், 18 வயது நிறைய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. கல்லூரியில் ஓட்டுநர் உரிமம் காட்டினால்தான் வண்டிக்குப் பாஸ் தருவோம் என்கிறார்கள். இது தேவையில்லாத கெடுபிடி அல்லவா?
*(வாசகர், நாமக்கல்)*

பதில்: இல்லை. அந்தக் கல்லூரி உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது. 16 வயதில் ஓட்ட அனுமதி உள்ளது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே. இன்று சாலையில் ஓடும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை 100 சி.சி.யைத் தாண்டியவை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. ஐந்து மாதம் பேருந்தில் அனுப்புங்கள்.

கேள்வி: மாணவர்கள் வண்டி கொண்டுவரவே கூடாது என்று தடை விதித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே? சென்னை ஐ.ஐ.டி.யில் அப்படித்தானே இருக்கிறது?
*(ஓய்வு பெற்ற பேராசிரியர், சென்னை)*

பதில்: ஐயா, ஐ.ஐ.டி. மாணவர்கள் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்ட அந்த வளாகத்துக்குள் விடுதிக்கும் வகுப்புக்கும் சைக்கிளில் போகலாம். உள்ளேயே பேருந்தும் ஓடுகிறது. நாள்தோறும் செங்கல்பட்டிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் வந்துபோகும் மாணவர்கள் நிறைந்த கல்லூரியில் அதே தடையைப் போட்டால், வண்டிகள் எதிர்த் தெருவுக்குப் போய் அங்கு குடியிருப்போரின் வாசலை மறிக்கும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்சின் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில், மாணவர் அடையாள அட்டையைக் காட்டி நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்ய ஏற்பாடு செய்தது. தனியே காரில் வருவோர் குறைந்தனர். நம்மூரில் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசப் பயண அட்டையும், மகளிர் அனைவருக்கும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணமும் ஏற்கெனவே இருக்கின்றன. எனினும் வகுப்பு தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்னே பேருந்து வருவதில்லை, வந்தாலும் படியில் தொங்க வேண்டியிருக்கிறது. ஆகவே கடன் வாங்கியாவது வண்டி எடுக்கிறார்கள்.

தடை என்று வந்தால் அதைப் பேராசிரியர்களின் கார்களிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஐந்தாறு இருசக்கர வண்டிகள் நிற்கும். (அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற ஆசிரியர்களுக்கென்றே தனியாகக் கார் நிறுத்துமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்களை வேண்டுமானால் விட்டுவிடலாம்.) மாணவர்களில் யாருக்கு இடம் என்பதை, முந்தி வந்தவர், பின்னால் வந்தவர் என்று பார்க்காமல், வீட்டின் தொலைவையும் அந்த வழியில் பேருந்து இருக்கிறதா என்பதையும், மாற்றுத்திறன் உடையவரா என்பதையும் வைத்து முடிவு செய்து, சேர்க்கையின்போதே பாஸ் கொடுத்துவிடலாம். கல்லூரிக்கு அருகிலேயே குடியிருப்பவர் முதலில் கொஞ்சம் முணுமுணுப்பார்.